உன் அத்தை மேல் நான் போட்ட கோடு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்து சில இடத்தில் கோட்டின் மேல் ஏறி நிற்கிறது, சில இடத்தில் கீழே இறங்கிக் கிடக்கிறது. நாற்று நடும்போது கயிறு பிடித்து நேராக நட்டுப் பழகிய கை இது. பேனா இன்னும் அதற்கு அடங்கவில்லை. அதிலும் இந்த 'ஞ' இருக்கிறதே, அதை ஒவ்வொரு முறையும் முதலில் காற்றில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் எழுதுகிறேன். பாதிக் கடிதம் நீல மையிலும் பாதி கறுப்பு மையிலும் இருக்கும். நாலு நாளாக எழுதுகிறேன், நடுவில் ஒரு பேனா தீர்ந்துபோனது. ஒரு பேனாவை எழுதியே தீர்த்தவன் நான் என்று உன் அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். அவள் மூன்றாம் முறை கேட்கத் தயாராக இல்லை.

நீ கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று போனில் பேசினாயே, நினைவிருக்கிறதா? "அப்பா, மொத வருசப் புள்ளைங்களுக்கு அறிமுகப் பாடம் நான்தான் எடுக்கப் போறேன்" என்றாய். இன்னா பாடம் என்று கேட்டேன். "மனுசங்களப் பத்திப்பா. எப்படிச் சேர்ந்து வாழறாங்க, யாரு யாருக்கு இன்னா உறவு, யாரு சொன்னா யாரு கேக்கறாங்க, அதெல்லாம்" என்றாய். அதில் படிக்க இன்னா கீது என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நீ பொங்கலுக்கு வந்தபோது உன் பழைய பாடப்புத்தகத்தை அலமாரியில் விட்டுவிட்டுப் போனாய். பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் பெரியவர் வகுப்பில் எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும், பஸ் போர்டு, உரமூட்டை, மாத்திரை அட்டை என்று கண்ணில் பட்டதை எல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அதெல்லாம் தீர்ந்துபோகவே உன் புத்தகத்தை எடுத்தேன். அட்டையில் இருந்த 'மானிடவியல், சமூகவியல், அரசியல் அறிவியல்: ஓர் அறிமுகம்' என்பதைப் படித்து முடிக்க மதியச் சாப்பாட்டில் தொடங்கி டீக் குடிக்கும் வரை ஆனது. பாதி விளங்கவில்லை. ஆனாலும் ஒரு பக்கத்தை மூன்று நாள் நான்கு நாள் என்று வைத்துக்கொண்டு படித்தேன். அப்பாவுடைய அண்ணன் தம்பி பிள்ளைகள் நமக்கு அண்ணன் தம்பி, அப்பாவுடைய அக்கா தங்கை பிள்ளைகள் நமக்குக் கட்டிக்கொள்ளும் முறை, இதை உலகத்தில் எல்லோரும் இப்படிப் பிரிப்பதில்லை என்று ஒரு இடத்தில் வருகிறது. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து நடந்தேன், பாப்பா. நமக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து தெரிந்த ஒன்று. யாரும் சொல்லித் தராதது. அதை யாரோ தூர தேசத்திலிருந்து வந்து, நம்மைப் போன்றவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதி, இது பெரிய விசயம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாமன் என்ற சொல்லையும் அத்தை என்ற சொல்லையும் அச்சில் பார்த்தபோது, நம்ம வீட்டுப் பாத்திரத்தைக் கோயில் உற்சவத்தில் சாமிக்கு முன்னால் பார்த்ததுபோல இருந்தது.

அந்தப் பக்கத்தில்தான் உன் தாள் மடித்து வைத்திருந்தது. பிரித்தேன். முக்கோணம், வட்டம், நடுவில் கம்பி கட்டியதுபோலக் கோடுகள். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இரட்டைக் கோடு போட்டால் கல்யாணம் என்று புத்தகத்திலேயே இருந்ததால் புரிந்தது. கீழே உன் பெயர். அதற்கு மேலே உன் அம்மா பெயர். பக்கத்து முக்கோணத்தின் கீழே என் பெயர். எத்தனையோ இடத்தில் ரேகை வைத்தவன் நான். என் பெயர் ஒரு படத்தில், என் பெண்ணின் கையால், நான் படிக்கும்படி எழுதியிருக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. நம்ம குடும்பப் படத்தைத்தான் போர்டில் வரைந்து பிள்ளைகளுக்குக் காட்டினேன், அவர்களும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள் என்று நீ போனில் சொல்லியிருந்தாய். சந்தோசத்தில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டு போனேன். என் முக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம். அதன் கீழே அ, ஞ், ச, லை. வட்டத்தின் மேல் சாய்வாக ஒரு கோடு.

அந்தக் கோடு எதற்கு என்று தெரியாமல் புத்தகத்தைத் திருப்பினேன். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. குறுக்குக் கோடு இட்டால் அவர் இ, ற, ந், த, வ, ர். எழுத்துக் கூட்டி முடித்ததும் சொல் சேர்ந்துகொண்டது. அதைப் படிக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. படிக்கத் தெரிந்துவிட்டால் பிறகு கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாப்பா, உன் அத்தை அஞ்சலை சாகவில்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் சொன்னது பொய்.

நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நாங்கள் ரிஷிவந்தியம் பக்கத்தில் இருந்தோம். என் அப்பா இல்லை. அம்மாவும் நானும் அஞ்சலையும் கூலி வேலை. கரும்பு வெட்டுக்கு மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். அதில் பொன்னன் என்று ஒருவர். அவர் வெட்டிப் போட்ட கரும்பை அஞ்சலை கட்டுக் கட்டினாள். வெட்டு முடிந்து அவர்கள் மலைக்குத் திரும்பியபோது அவளும் போய்விட்டாள். சாதி விட்டுச் சாதி போய்விட்டாள் என்று மறுநாளே ஊர்க்கூட்டம். "உன் தங்கச்சி செத்தான்னு தலை முழுவு. இல்லன்னா உங்கூட்ல ஒரு சாவு வுழுந்தா தூக்க நாலு பேரு வரமாட்டாங்க" என்றார்கள். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அதற்கு அவள் விட்டுப்போன தாவணியைச் சுற்றி, ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்தினேன். குடம் உடைத்தேன். மொட்டை அடித்துக்கொண்டேன். பதினாறாம் நாள் ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டேன். என் அம்மா அந்தச் சோற்றைத் தொடவில்லை. பிறகு ரேசன் கார்டில் அவள் பெயரை எடுக்கச் சொல்லி ஆபீசில் நின்றேன். ஒரு தாளில் ஏதோ எழுதினார்கள், ரேகை வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கல்யாணத்தில் உன் அம்மாவுக்கு நாத்தனார் முடிச்சுப் போட அஞ்சலை இருந்திருக்க வேண்டும். சித்தப்பா மகளைப் போடச் சொன்னேன். அப்புறம் நைனார்பாளையம் வந்துவிட்டோம். இங்கே யாருக்கும் தெரியாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள், எல்லாருக்கும் அத்தை இருக்கிறது எனக்கு ஏன் இல்லை என்று அழுதாய். காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னேன். எந்தக் காய்ச்சல் என்றுகூடக் கேட்டாய். அப்போதே நீ ஆராய்ச்சிக்காரிதான். மஞ்சள் காமாலை என்றேன். ஒரு பொய்க்கு நோய்ப் பெயர் வரை வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உன் புத்தகத்தின் கடைசிப் பகுதியில் அதிகாரம் என்று ஒரு பாடம் இருக்கிறது. கீழ்ப்படிகிறவர்கள் கீழ்ப்படியும் வரைக்கும்தான் அது அதிகாரம் என்று ஒரு வரி. அதைப் படித்த அன்று சாயங்கால வகுப்புக்கு நான் போகவில்லை. அந்த ஊர்க்கூட்டத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். யார் கையிலும் அரிவாள் இல்லை. போலீஸ் இல்லை. அவர்களும் மறுநாள் விடிந்தால் என்னோடு அதே வயலுக்குக் கூலிக்குப் போக வேண்டியவர்கள்தான். இரண்டு பேர் அப்போது காலில் செருப்பு இல்லாதவர்கள். அவர்களுக்கு என் தங்கையைச் சாகடிக்கும் பலத்தை யார் கொடுத்தது? நான்தான் தலையை ஆட்டிக் கொடுத்தேன். வைக்கோல் உருவத்தை ஏன் எரிக்கிறார்கள் என்பது ஒரு படிப்பாம். ஊர் என்ன சொல்லும் என்று மனிதன் ஏன் நடுங்குகிறான் என்பது இன்னொரு படிப்பாம். யார் சொன்னால் ஏன் அடங்குகிறான் என்பது மூன்றாவதாம். என் வாழ்க்கையில் இரண்டு வாரத்தில் நடந்து முடிந்த காரியத்துக்கு ஒரு புத்தகம் முழுக்கப் பாடம் இருக்கிறது! எனக்கு வெட்கம் ஒரு பக்கம் என்றாலும் ஆச்சரியம்தான் ஜாஸ்தி. இது எனக்கு மட்டும் வந்த கேடு என்று இத்தனை வருடம் தனியாகச் சுமந்தேன். உலகத்தில் எத்தனையோ கூட்டத்தில் நடப்பதுதான், உட்கார்ந்து யோசித்துப் பேசலாம் என்று உன் புத்தகம் சொல்கிறது.

உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். தாளைக் காட்டினேன். "பாத்தியா? நீ சொன்ன பொய்ய உன் பொண்ணு படம் போட்டுப் பாடம் நடத்திக்கினு கீறா. படிக்கிற புள்ளைங்க எல்லாம் அத எழுதி வெச்சிக்கினு பரிச்சையும் எழுதும்" என்றாள். நான் தாளை மடித்தேன். "மலைக்குப் புள்ளைங்கள இட்டுக்கினு போவப் போறேன்னாளே, ஞாபகம் கீதா? நோட்டப் புடிச்சிக்கினு அத்தக்காரி வூட்டு வாசல்லயே நின்னு, உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தினி பேருன்னு கேக்கப் போறா. அவ இன்னா சொல்லுவா?" என்றாள். எனக்கு அங்கேதான் பயம் வந்தது. நீ அவள் முன்னால் ஒன்றும் தெரியாமல் நிற்பாய். அதைவிட, அவள் எனக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தால்? கூடப் பிறந்தவன் ஒருத்தன் இருந்தான், செத்துப் போயிட்டான் என்று உன்னிடமே சொன்னால்? அப்படிச் சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

போன வாரம் நானும் உன் அம்மாவும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். இது எங்கே போகிறது என்று யாரையும் கேட்கவில்லை. வெள்ளிமலை என்ற போர்டை நானே படித்து ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதும் உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வளைவுக்குப் பயந்து என்று நினைத்தேன். "நீ நடுவுல எறங்கி ஓடிடுவியோன்னுதான்யா" என்றாள். பொன்னனுடைய ஊர்ப் பெயர் எனக்கு எப்போதும் தெரியும். கீழே வரும் மலைக்காரர்கள் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் நான் எழுந்து வேறு பக்கம் போய்விடுவேன். அவ்வளவு நன்றாகத் தெரியும்.

அவள் வாசலில் கடுக்காய் காயப் போட்டிருந்தது. காலால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். நான் என் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் வீட்டுக்குள் திரும்பி, "ஏண்டி, ஒரு சொம்பு தண்ணி கொண்டா. உங்கப்பனோட தாய்மாமன் வந்துகீறான்" என்றாள். உள்ளிருந்து அவள் பேத்தி ஓடி வந்து, புது ஆளைப் பார்ப்பது போல இல்லாமல், பேர் கேட்டுப் பழகிய ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது.

அதற்குப் பிறகுதான் அஞ்சலை என்னிடம் பேசினாள். "ஏண்ணா, செத்தவ வூட்டுக்கு வெறுங்கையோடவா வருவாங்க?"

உன் அம்மா பையை நீட்டி, "வெறுங்கை இல்ல, வாழப்பழமும் மிக்சரும் கீது" என்றாள்.

"நீ யாரும்மா?"

"உங்கண்ணனக் கட்டிக்கினு மாரடிக்கறவ."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். ஐந்து நிமிடத்தில் அவர்கள் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. அஞ்சலை என் தலையைப் பார்த்து, "கரும்பு வெட்ட வந்தவங்க சொன்னாங்க, எனக்காவ மொட்ட அடிச்சியாமே. முடி நல்லாத்தான் மொளச்சுகீது" என்றாள். பிறகு, "கருமாதிக்குக் கறி ஆக்குனியா?" என்றாள்.

"இல்ல. சாம்பார்தான்."

"அதான் எனக்கு மேலோகம் போவ மனசு வரல."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. கடுக்காயை ஒதுக்கி எங்களுக்கு உட்கார இடம் செய்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பேருக்கும் காது குத்தியபோது நம் பக்கத்து வழக்கப்படியே செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாளாம். தாய்மாமன் மடியில் அல்லவா பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். "வேற யாரையாச்சும் உக்கார வெச்சிக்கோன்னாங்க. எங்கூட்டுக்காரரே சொன்னாரு. நான் ஒத்துக்கல. உசுரோட கீறவன் எடத்துல இன்னொருத்தன எப்படி உக்கார வெப்ப? ஒரு துண்ட விரிச்சி அதும்மேல புள்ளய உக்கார வெச்சேன். மாமன் வேலையா கீறான், வரமுடியலன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"மூணு பேருக்கும் ஒரே துண்டா?" என்று உன் அம்மா கேட்டாள்.

"ஒவ்வொண்ணுக்கும் புதுசு" என்றாள் அஞ்சலை.

பாப்பா, நான் அவளுடைய இடத்தில் சித்தப்பா மகளை நிற்க வைத்தவன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

உன்னைப் பற்றிச் சொன்னேன். நீ என்ன பாடம் நடத்துகிறாய் என்று கேட்டாள். சொல்லிப் புரியவைக்க வரவில்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தேன். எனக்கு முக்கோணம், அவளுக்கு வட்டம். மேலே அம்மா, அப்பா. அப்பா அம்மா மேல் கோடு போட்டேன். அவளுடைய வட்டத்திலும் நீ போட்டிருந்தபடியே போட்டுக் காட்டினேன். மறைக்கக் கூடாது என்றுதான் வந்திருந்தேன். "இது இன்னா?" என்றாள். செத்தவர்களுக்குப் போடுவது என்றேன். குனிந்து நிறைய நேரம் பார்த்தாள். "எம்மாஞ் சின்னக் கோடு" என்றாள். "நீ அத்தினி வைக்கோல் கட்டி எரிச்ச. இவ ஒரு இழுப்புல முடிச்சிட்டா." பிறகு, "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. பெத்த அப்பன் சொன்னதத்தான் போட்டுகீறா" என்றாள்.

நான் உடனே காலால் அந்தக் கோட்டை அழிக்கப் போனேன். என் காலைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். "மண்ணுல அழிச்சா ஆச்சா? அவகிட்ட சொல்லு. போன்ல சொல்லாத. போன்ல கொஞ்சம் சொல்லிட்டுக் கொஞ்சத்த முழுங்கிடுவ. எழுதப் படிக்கக் கத்துக்கினேன்னு வந்ததுலருந்து பீத்திக்கினு கீறியே, எழுது. செத்தேன்னு உங்கிட்டதான கேட்டா? கீறேன்னும் உங்கிட்டயே கேக்கட்டும்." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். "படிக்கிற புள்ளைங்கள இட்டுக்கினு வரட்டும். எது கேட்டாலும் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவ என் மருமவளா தனியா வரட்டும்." அண்ணன் மகளை மருமகள் என்று கூப்பிடுவது நம் முறை. அவள் உன்னைப் பார்க்காமலே அந்தச் சொல்லால் அழைத்துவிட்டாள்.

ஆகவே எழுதுகிறேன். இதைப் படித்து உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ இத்தனை வருடம் இழந்தது என் கோழைத்தனத்தால். அத்தை கையால் ஒரு வாய் சோறு உண்ணாமல் வளர்ந்தாய். உனக்கு நான் அறிவுரை சொல்லும் இடத்தில் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உன் புத்தகத்தில், தகவல் சொல்கிறவர் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்ற வரிக்குக் கீழே நீ பென்சிலால் கோடு இழுத்திருக்கிறாய். எல்லோரையும் சரிபார்க்கக் கற்றுக்கொண்டாய், உன் அப்பனை மட்டும் விட்டுவிட்டாய். அது பாசம். அதைப் பிள்ளைகளிடம் சொல். போர்டில் வரைந்த படத்தைச் சும்மா திருத்திவிட்டுப் போய்விடாதே. இது தப்பு, தகவல் சொன்னவர் என் அப்பா, ஊருக்குப் பயந்து பொய் சொன்னார் என்று என் பெயரோடு சொல். எனக்கு வெட்கம் இல்லை. உன் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளையும் அவரவர் குடும்பத்தை வரைந்துகொண்டு வரச் சொன்னாய் அல்லவா? அவர்களும் வீட்டில் போய்க் கேட்டிருப்பார்கள். ஏதோ ஒரு வீட்டில் ஓர் அப்பன் ஒரு பெயரைச் சொல்லாமல் முழுங்கியிருப்பான். உன் கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை மறுபடியும் போய்க் கேட்கட்டும். உங்கள் வீட்டில் யார் யார் என்று கேட்பதுதான் உன் படிப்பின் முதல் பாடம் என்றால், அதைவிடப் பெரிய கேள்வியை நான் கேட்டதில்லை.

என்னிடம் இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அழுத அழுகையில் அவள் பிள்ளைகளின் பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்டு வரவில்லை. இரண்டு பெண், ஒரு பையன். கட்டிக்கொண்டவர்கள், பேரன் பேத்திகள் எல்லாம் சேர்த்தால் என் விரல்கள் போதவில்லை. தண்ணீர் கொண்டுவந்த அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்றுகூடத் தெரியாது. புதன்கிழமை மறுபடியும் மலைக்குப் போகிறேன். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரையாகக் கேட்டு, சரிபார்த்து, அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். அதற்குள் நீ பெரிய தாளாக ஒன்று வாங்கி வை.

அப்பா